யூரியா கரையும்போது வாளி குளிர்வது ஏன்? வெப்பவுள்ளுறையும் எந்திரப்பியும் பற்றிய ஒரு விவாதம்

ஹட்டன் மாணவி:

வணக்கம். நான் உயர்தரத்தில் பௌதிக விஞ்ஞானப் பிரிவில் படிக்கிறேன். வெப்பத்தை வெளிவிடும் தாக்கங்களில் விளைவுகளின் சக்தி குறைந்து அவை உறுதியடைவதால் அத்தகைய தாக்கங்கள் தாமாகவே நிகழும் என்று எங்கள் குறிப்புப் புத்தகத்தில் எழுதியிருக்கிறோம். ஆனால் வீட்டுக்குப் பின்னாலுள்ள லீக்ஸ் பாத்திக்குத் தெளிப்பதற்காக அப்பா அரைக் கிலோ யூரியாவை மூன்று லீற்றர் நீரில் கரைக்கும்போது வாளி சில்லிட்டுப் போகிறது. காலை வேளையில் அதன் வெளிப்பக்கத்தில் நீர்த்துளிகள்கூட அரும்புகின்றன. யாரும் சூடாக்கவில்லை, யூரியா தானாகவே கரைகிறது, அதுவும் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு. சக்தி கூடும் பக்கமாக ஒரு மாற்றம் தானாக நகர்வது எப்படி?

இதற்கு விடையாக எந்திரப்பி என்ற சொல்லைச் சொல்லி, வெப்பவுள்ளுறை மாற்றத்திலிருந்து (மாறா அமுக்கத்தில் உறிஞ்சப்படும் அல்லது வெளிவிடப்படும் வெப்பம்) வெப்பநிலையையும் எந்திரப்பி மாற்றத்தையும் பெருக்கிக் கழிக்கும் சமன்பாட்டைத் தருகிறார்கள். கணக்குச் செய்ய எனக்குத் தெரியும். அந்தக் கழித்தல் ஏன் வந்தது என்பதுதான் தெரியவில்லை. விளக்கக்கூடியவர்கள் தயவுசெய்து விளக்குங்கள்.

பண்டாரவளை ஆசிரியர்:

மகள், உங்கள் குறிப்புப் புத்தகத்திலுள்ள வாக்கியத்தை 19ஆம் நூற்றாண்டில் பெரிய இரசாயனவியலாளர்களே நம்பியிருந்தார்கள். டென்மார்க்கின் யூலியஸ் தொம்சனும் பிரான்சின் மார்செலின் பேர்த்தலோவும், ஒரு தாக்கத்தில் வெளியாகும் வெப்பமே அது நிகழ்வதற்கான நாட்டத்தின் அளவு என்று கொண்டார்கள். அறை வெப்பநிலையில் நாம் காணும் மிகப் பல தாக்கங்களுக்கு அது பொருந்திவிடுவதால் அந்தக் கருத்து நெடுநாள் நிலைத்தது. வெப்பத்தை உறிஞ்சியபடியே கரையும் உப்புகள் அதற்கு நேரான மறுப்பாக எல்லோர் கண்முன்னும் இருந்தன. எந்திரப்பி என்ற கணியத்துக்கு குளோசியஸ் 1865இல் பெயரிட்டு, 1876க்கும் 1878க்கும் இடையில் யேல் பல்கலைக்கழகத்தின் கிப்ஸ் தமது நீண்ட ஆய்வுரையை வெளியிட்ட பிறகே இந்த முரண்பாட்டுக்கு முழுமையான விடை கிடைத்தது.

சக்தி காக்கப்படுகிறது என்பதை முதலில் மனத்தில் இருத்துங்கள். தாக்கம் வெப்பத்தை வெளிவிட்டால் தொகுதியின், அதாவது தாக்கத்தில் ஈடுபடும் பொருட்களின், சக்தி குறைகிறது, அவற்றுக்கு வெளியேயுள்ள சூழலின் சக்தி அதே அளவால் கூடுகிறது, அகிலத்தின் மொத்தச் சக்தியில் ஒரு மாற்றமும் இல்லை. ஆகவே சக்தியின் மொத்தத்தைப் பார்த்து ஒரு மாற்றம் எந்தத் திசையில் போகும் என்று சொல்லவே முடியாது. திசையைத் தீர்மானிப்பது எந்திரப்பியின் மொத்தம். சக்தியும் துகள்களும் எத்தனை விதமாகப் பரம்பியிருக்க முடியும் என்பதன் அளவே எந்திரப்பி. தொகுதியின் எந்திரப்பி மாற்றத்தையும் சூழலின் எந்திரப்பி மாற்றத்தையும் கூட்டினால் வரும் விடை நேர்ப் பெறுமானமாக இருந்தால் அந்த மாற்றம் தானாக நிகழக்கூடியது. மறைப் பெறுமானமாக இருந்தால் அதன் எதிர்த்திசை மாற்றமே நிகழும். பூச்சியமானால் சமநிலை.

சூழலின் எந்திரப்பி மாற்றத்தைக் கணிப்பது மிக எளிது. தொகுதியோடு ஒப்பிடும்போது சூழல் மிகப் பெரியது என்பதால், நாம் கொடுக்கும் வெப்பத்தால் அதன் வெப்பநிலை மாறுவதில்லை. எனவே சூழல் பெற்ற வெப்பத்தைக் கெல்வின் வெப்பநிலையால் வகுத்தால் போதும். மாறா அமுக்கத்தில் சூழல் பெறும் வெப்பம் என்பது தொகுதியின் வெப்பவுள்ளுறை மாற்றத்தின் குறியை மாற்றியதே. ஆக, வெப்பம் வெளிவருவது தாக்கத்துக்குச் சாதகமாக இருப்பதற்கு ஒரே காரணம், அந்த வெப்பம் சூழலின் எந்திரப்பியை உயர்த்துவதுதான். சாதகம் எவ்வளவு என்பதும் வெப்பநிலையைப் பொறுத்தது. ஒரே அளவு வெப்பம் குளிர்ந்த சூழலில் எந்திரப்பியை அதிகமாகவும், சூடான சூழலில் குறைவாகவும் உயர்த்துகிறது.

இனி யூரியாவுக்கு வருவோம். ஒரு மூல் யூரியா, அதாவது 60 கிராம், நீரில் கரையும்போது ஏறத்தாழ 15 கிலோயூல் வெப்பத்தை உறிஞ்சுகிறது. பளிங்கிலிருந்த மூலக்கூறுகளைப் பிரிப்பதற்கு வேண்டிய சக்தியை, அவை நீருடன் புதிதாக அமைக்கும் ஐதரசன் பிணைப்புகளால் முழுவதும் ஈடுசெய்ய முடியவில்லை. 298 கெல்வினில் சூழல் இழக்கும் எந்திரப்பி 15,000 ஐ 298 ஆல் வகுத்தது, அதாவது கெல்வினுக்கு ஏறத்தாழ 50 யூல். ஆனால் பளிங்கில் கட்டுண்டிருந்த மூலக்கூறுகள் கரைசல் முழுவதும் பரவுவதால் தொகுதியின் எந்திரப்பி ஏறத்தாழ 70 யூல் கூடுகிறது. மொத்தம் +20. ஆகவே யூரியா கரைந்தே தீரும்.

வாளி ஏன் அவ்வளவு குளிர்கிறது என்பதையும் கணித்துப் பார்க்கலாம். அரைக் கிலோ என்பது எட்டு மூலுக்குச் சற்று மேல். உறிஞ்சப்படும் வெப்பம் ஏறத்தாழ 125 கிலோயூல். மூன்று லீற்றர் நீரையும் யூரியாவையும் ஒரு பாகை குளிர்விக்க 13 கிலோயூல் அளவில் அகற்ற வேண்டும். வெளியிலிருந்து வெப்பம் வந்து சேர்வதற்குள் வெப்பநிலை ஒன்பது பாகை வரை இறங்கிவிடும். ஹட்டனின் ஈரக் காற்றுக்கு அது பனிபடுநிலையை, அதாவது காற்றிலுள்ள ஆவி நீராக ஒடுங்கத் தொடங்கும் வெப்பநிலையை, தாண்டுவதற்குப் போதுமானது. பிறகு அறைக் காற்றிலிருந்து மெல்ல மெல்ல வெப்பம் வந்து அந்தக் கடனைத் தீர்க்கிறது.

நீங்கள் கேட்ட கழித்தல் இங்கிருந்தே வருகிறது. மொத்த எந்திரப்பி மாற்றத்தை எழுதி, அதை வெப்பநிலையால் பெருக்கி, குறியை மாற்றிப் பாருங்கள். வெப்பவுள்ளுறை மாற்றம் முன்னால் நிற்கும். வெப்பநிலையும் தொகுதியின் எந்திரப்பி மாற்றமும் பெருகிய உறுப்பு கழித்தலோடு பின்னால் நிற்கும். கிப்சின் சுயாதீன சக்தி மாற்றம் என்பது அதுவே. குறியை மாற்றியதால், இது மறைப் பெறுமானமாக இருந்தால்தான் மாற்றம் தானாக நிகழும். சூழலைத் தனியாகக் கணக்கெடுக்கத் தேவையில்லாமல், தொகுதியின் அளவீடுகளைக் கொண்டே மொத்தத்தைச் சொல்லிவிடும் வசதி அதில் இருக்கிறது. மாறா வெப்பநிலை, மாறா அமுக்கம் என்ற இரண்டு நிபந்தனைகளையும் அதற்கு விலையாகக் கொடுக்கிறோம்.

பதுளைப் பல்கலை மாணவர்:

சேரின் விளக்கத்தோடு ஒரு விடயத்தைச் சேர்க்க விரும்புகிறேன். எந்திரப்பி என்றால் ஒழுங்கின்மை என்று மட்டும் மனனம் செய்தவர்கள் நுவரெலியாவின் உறைபனியைப் பார்த்துக் குழம்புவார்கள். தை, மாசி மாதங்களில் வானம் தெளிந்த இரவுகளில் புற்களின் மீதிருக்கும் நீர் உறைந்து, விடியும்போது பந்தயத் திடல் முழுவதும் வெளுத்துக் கிடக்கிறது. ஒழுங்கற்ற திரவம் ஒழுங்கான பளிங்காக மாறியிருக்கிறது. எந்திரப்பி குறைந்துதானே அது நிகழ்ந்தது? இதைக் கணக்கோடு காட்டினால் தங்கைக்குப் பயனாக இருக்கும்.

பண்டாரவளை ஆசிரியர்:

நல்ல எடுத்துக்காட்டு, தம்பி. ஒரு மூல் நீர் உறையும்போது 6,010 யூல் வெப்பம் வெளியேறுகிறது. நீரின் எந்திரப்பி கெல்வினுக்கு 22.00 யூல் குறைகிறது. புல் நுனி −1 பாகை செல்சியசில், அதாவது 272.15 கெல்வினில் இருந்தால், சூழல் பெறும் எந்திரப்பி 22.08. மொத்தம் +0.08. மிகச் சிறிய பெறுமானம். ஆனாலும் நேர்ப் பெறுமானம். +5 பாகையில் அதே கணக்கைச் செய்தால் சூழல் பெறுவது 21.61 மட்டுமே. மொத்தம் −0.4 ஆகிவிடுவதால் அந்த வெப்பநிலையில் பனிக்கட்டிதான் உருகும். உறைநிலை என்று நாம் சொல்லும் 273.15 கெல்வின், இந்த இரண்டு எண்களும் சரிக்குச் சரியாக நிற்கும் இடம். உறைதலின்போது நீரின் எந்திரப்பி எந்த வெப்பநிலையிலும் குறையத்தான் செய்கிறது. சூழலுக்குப் போகும் வெப்பத்தின் மதிப்பு குளிரில் கூடுவதால் தராசு சாய்கிறது.

வானிலை நிலையத்தின் வெப்பமானி பூச்சியத்துக்கு மேலே காட்டும் இரவுகளிலும் புல்லில் உறைபனி விழுவதுண்டு. தெளிந்த வானத்தை நோக்கித் தன் வெப்பத்தைக் கதிர்வீசி இழக்கும் புல் நுனி, தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்திருக்கும். நமது கணக்கில் வரும் வெப்பநிலை அந்தப் புல் நுனியின் வெப்பநிலை.

ஒழுங்கின்மை என்ற சொல்லை நான் வகுப்பில் இயன்றவரை தவிர்க்கிறேன். ஒரு தொகுதியின் சக்தியும் துகள்களும் எத்தனை விதமாகப் பரம்பியிருக்க முடியும் என்ற எண்ணிக்கையின் மடக்கையே எந்திரப்பி என்று போல்ற்ஸ்மன் காட்டினார். வியன்னா மத்திய மயானத்திலுள்ள அவருடைய கல்லறையில் அந்தச் சமன்பாடு பொறிக்கப்பட்டிருக்கிறது. எண்ணிக்கை என்று கொண்டால் சூழலுக்குப் போகும் வெப்பமும் அதே கணக்கில் இயல்பாகச் சேர்ந்துவிடும். ஒழுங்கின்மை என்று கொண்டால் மாணவரின் கண் பனிக்கட்டியிலேயே நின்றுவிடுகிறது. வெளியேறிய வெப்பத்தை அவர் மறந்துவிடுகிறார்.

பதுளைப் பல்கலை மாணவர்:

நன்றி சேர். ஒரு சிறு குறிப்பு. வெப்பவுள்ளுறை மாற்றமும் எந்திரப்பி மாற்றமும் வெப்பநிலையோடு மாறக்கூடியவை. நீரின் வெப்பக் கொள்ளளவு பனிக்கட்டியினதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு என்பதையும் சேர்த்து −5 பாகைக்குக் கணித்துப் பார்த்தேன். இரண்டு உறுப்புகளும் தனித்தனியே 0.7 யூல் அளவில் குறைகின்றன, ஆனால் மொத்தம் +0.4 ஆகவே நிற்கிறது. சிறிய வெப்பநிலை இடைவெளியில் இந்தத் தோராயம் ஏன் பாதுகாப்பானது என்பது இதிலிருந்து தெரிகிறது.

தலவாக்கலை தொழிற்சாலை உத்தியோகத்தர்:

நான் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவன். உயர்தரத்தில் படித்த இரசாயனவியல் மட்டுமே கைவசம் உண்டு. என் மகனின் புத்தகத்திலுள்ள அட்டவணையின்படி, நீர் ஆவியாவதற்கான நியம சுயாதீன சக்தி மாற்றம் 25 பாகையில் மூலுக்கு +8.6 கிலோயூல். நேர்ப் பெறுமானம் என்றால் தானாக நிகழாது என்கிறார்கள். ஆனால் எங்கள் தொழிற்சாலையில் 20 பாகைக் காற்றை அடியிலிருந்து விசிறியால் தள்ளியே தொட்டிகளில் பரப்பிய கொழுந்தை வாட்டுகிறோம். பறித்த கொழுந்தின் எடையில் முக்காற் பங்குக்கு மேல் நீர். அதில் பெரும் பகுதி ஒரே இரவில் போய்விடுகிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மூடுபனி சன்னலுக்குள்ளேயே வரும் நாட்களிலோ, விசிறி எவ்வளவு ஓடினாலும் தண்டு ஒடித்தால் மொடமொடவென்று ஒடிகிறது. அப்போது டிரையர் பக்கத்துச் சூடான காற்றைக் கலந்து விடுவோம். உலர் குமிழ், ஈரக் குமிழ் வெப்பமானிகளைப் பார்த்து எவ்வளவு கலப்பது என்று தீர்மானிக்கும் பழக்கம் எங்களுக்கு உண்டு. இந்த அனுபவத்துக்கும் அட்டவணை எண்ணுக்கும் எப்படிப் பொருத்தம் வரும் என்று ஐயா சொல்ல வேண்டும்.

பண்டாரவளை ஆசிரியர்:

ஐயா, இந்த இழையில் இதுவரை வந்த கேள்விகளில் நான் மிகவும் எதிர்பார்த்திருந்தது இதுதான். பரீட்சை எழுதும் பிள்ளைகள் அதிகமாகத் தடுமாறும் இடமும் இதுவே.

அட்டவணையிலுள்ள எண் சரி. ஒரு மூல் நீர் ஆவியாக 44 கிலோயூல் வேண்டும், சூழல் இழப்பது கெல்வினுக்கு 148 யூல், தொகுதி பெறுவது 119 யூல், மொத்தம் −29. ஆனால் நியம என்ற சொல் ஒரு நிபந்தனையைத் தாங்கி நிற்கிறது. அந்த 119 யூல், நீராவி ஒரு பார் அமுக்கத்தில் உருவாகும்போது பெறப்படுவது. அதாவது, இலையைச் சுற்றிலும் கலப்பற்ற நீராவி மட்டுமே ஒரு பார் அமுக்கத்தில் இருந்தால், 25 பாகையில் நீர் ஆவியாகாது, ஆவிதான் நீராக ஒடுங்கும் என்று அந்த எண் சொல்கிறது. அது உண்மையே. உங்கள் தொட்டிக்கு மேலே அப்படிப்பட்ட நிலை இல்லை.

ஒரு வாயுவின் பகுதியமுக்கம் குறையக் குறைய அதன் மூலக்கூறுகளுக்குக் கிடைக்கும் இடம் கூடுகிறது. ஆகவே எந்திரப்பியும் கூடுகிறது. எவ்வளவு கூடும் என்பதை வாயு மாறிலியையும் அமுக்கத்தின் இயற்கை மடக்கையையும் பெருக்கிப் பெறலாம். 8.6 கிலோயூல் பாதகத்தை இந்தக் கூடுதல் எந்திரப்பி சரியாக ஈடுகட்டும் அமுக்கம் எது என்று கணித்தால் ஏறத்தாழ 0.03 பார் என்று வருகிறது. 25 பாகையில் நீரின் நிரம்பலாவியமுக்கம் அதுவே. அட்டவணையிலுள்ள ஒரே ஓர் எண்ணிலிருந்து, எந்தச் சோதனையும் செய்யாமல், நீரின் ஆவியமுக்கத்தைப் பெற்றுவிட்டோம்.

இப்போது 20 பாகையில் உங்கள் காற்றின் சாரீரப்பதன் 60 சதவீதம் என்று வைப்போம். நிரம்பல் நிலையோடு ஒப்பிட்டால் ஆவி அமுக்கம் 0.6 பங்கு. உண்மையான சுயாதீன சக்தி மாற்றம் மூலுக்கு ஏறத்தாழ −1,240 யூல், கொழுந்து வாடும். சாரீரப்பதன் 95 சதவீதமானால் அது −125 யூல், பத்தில் ஒரு பங்கு. நூறு சதவீதத்தில் பூச்சியம். மூடுபனி நாட்களில் விசிறி தள்ளுவது சமநிலைக்கு வந்துவிட்ட காற்றை. எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும், அது சுமந்து செல்ல ஏதும் இல்லை.

சூடான காற்றைக் கலக்கும்போது நீங்கள் செய்வது என்ன? 18 பாகையில் முற்றாக நிரம்பிய காற்றில் ஆவியின் பகுதியமுக்கம் 0.0206 பார். அதே காற்றை 28 பாகைக்குச் சூடாக்கினால் காற்றிலுள்ள ஆவி அப்படியே இருக்கிறது. ஆனால் அந்த வெப்பநிலைக்குரிய நிரம்பல் அமுக்கம் 0.0378 பாராக உயர்ந்துவிடுகிறது. சாரீரப்பதன் 55 சதவீதத்துக்கு இறங்கி, சுயாதீன சக்தி மாற்றம் −1,500 யூலாகிறது. பத்துப் பாகைச் சூட்டில் ஒரு மழை நாள் நல்ல வெயில் நாளாக மாறிவிடுகிறது. நீங்கள் பார்க்கும் இரண்டு குமிழ்களின் வேறுபாடு இந்தச் சக்தி மாற்றத்தையே வேறு வடிவில் காட்டுகிறது. வேறுபாடு பூச்சியமானால் இதுவும் பூச்சியம்.

இலையிலிருந்து நீர் எடுத்துச் செல்லும் 44 கிலோயூலும் அந்தக் காற்றிலிருந்தே வருகிறது. ஆகவே காற்று கீழிருந்து மேலே போகப் போகக் குளிர்ந்து, ஈரமேறி, மேல் இலைகளை அடையும்போது வலுவிழந்துவிடுகிறது. கொழுந்தைப் பரப்பும் தடிப்புக்கு ஓர் எல்லை வைத்திருப்பதன் காரணத்தை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

தலவாக்கலை தொழிற்சாலை உத்தியோகத்தர்:

மிகவும் நன்றி ஐயா. மடக்கைக் கணக்கை மகனோடு சேர்ந்து செய்து பார்த்தோம். எண்கள் ஒத்து வருகின்றன. அப்படியானால் டிரையரிலிருந்து 3 சதவீத ஈரத்தோடு வரும் தூளைத் திறந்து வைத்தால் அது ஈரத்தை இழுத்துக்கொள்வதும் இதே கணக்குத்தானா?

பண்டாரவளை ஆசிரியர்:

ஆம், அதே கணக்கு எதிர்த்திசையில் நடக்கிறது. உலர்ந்த தூளில் எஞ்சியிருக்கும் நீர், இலையின் பொருட்களோடு இறுகப் பிணைந்தது. அதன் சமநிலை ஆவியமுக்கம் சாதாரண நீரினதைவிட மிகக் குறைவு. நமது மலைக் காற்றிலுள்ள ஆவியமுக்கம் அதைவிடக் கூடுதலானதால், ஆவி தூளுக்குள் போவதே தானாக நிகழும் மாற்றம். கடைசிச் சில சதவீத நீரை அகற்ற டிரையரின் கடும் சூடு தேவைப்படுவதும் இதனால்தான்.

மாத்தளை வாசகர்:

எங்கள் பகுதியின் சுண்ணாம்புச் சூளைகளை யாராவது குறிப்பிடுவீர்கள் என்று காத்திருந்தேன். கல்சியம் காபனேற்று பிரிவதற்கு மூலுக்கு 178 கிலோயூல் வேண்டும். எந்திரப்பி மாற்றம் +160 யூல். 298 கெல்வினில் சூழல் இழப்பது 597 யூல் என்பதால் மொத்தம் −437; கல் எத்தனை ஆண்டு கிடந்தாலும் கல்தான். 178,000 ஐ 160 ஆல் வகுத்தால் 1,112 கெல்வின், அதாவது ஏறத்தாழ 840 பாகை செல்சியஸ் என்று வருகிறது. ஆனால் 900 பாகையை அண்மித்தே காபனீரொட்சைட்டின் சமநிலை அமுக்கம் ஒரு வளிமண்டலத்தை எட்டும் என்று வாசித்திருக்கிறேன். இந்த அறுபது பாகை எங்கிருந்து வந்தது?

பதுளைப் பல்கலை மாணவர்:

நான் முன்பு சொன்ன தோராயம் சிறிய இடைவெளிக்கே பாதுகாப்பானது. இங்கே 800 பாகைக்கு மேற்பட்ட இடைவெளி இருக்கிறது. வெப்பக் கொள்ளளவுகளைச் சேர்த்துக் கணித்தால், அந்த உயர் வெப்பநிலையில் வெப்பவுள்ளுறை மாற்றம் 170 கிலோயூலுக்குச் சற்றுக் கீழேயும், எந்திரப்பி மாற்றம் 145 யூல் அளவிலும் வருகின்றன. வகுத்துப் பார்த்தால் 890 பாகையை அண்மிக்கிறது. சூளைக்குள் காற்றோட்டம் காபனீரொட்சைட்டை அடித்துச் செல்வதால் அதன் பகுதியமுக்கம் ஒரு வளிமண்டலத்தைவிடக் குறைவாகவே இருக்கும். ஆகவே கல்லின் மேற்பரப்பு அதற்கு முன்னதாகவே பிரியத் தொடங்கும். வாட்டும் தொட்டிக்குச் சேர் சொன்ன நியாயமே சூளைக்கும் பொருந்துகிறது. மாத்தளைக் கல்லில் பெரும்பாலும் மக்னீசியமும் கலந்திருப்பதால், அந்தப் பகுதி இன்னும் குறைந்த சூட்டில் பிரிகிறது.

ஹட்டன் மாணவி:

எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம் மட்டும் மீதியிருக்கிறது. விறகு எரிவதற்கான சுயாதீன சக்தி மாற்றம் பெரிய மறைப் பெறுமானம் என்றால், அடுப்படியில் அடுக்கியிருக்கும் விறகு ஏன் தானாக எரிவதில்லை?

பண்டாரவளை ஆசிரியர்:

எந்திரப்பிக் கணக்கு திசையை மட்டுமே சொல்கிறது, வேகத்தைச் சொல்வதில்லை. வேகம் ஏவற்சக்தியை, அதாவது தாக்கம் நிகழ்வதற்குத் தாண்டவேண்டிய சக்தித் தடையை, பொறுத்தது. அரைத்த கொழுந்து செம்பு நிறமாவதும் அப்படியே. ஒட்சியேற்றம் செடியிலுள்ள இலைக்கும் சாதகமான மாற்றமே. ஆனால் அதை விரைவுபடுத்தும் நொதியமும் அது தாக்கவேண்டிய பொருட்களும் கலங்களுக்குள் பிரிந்தே இருக்கின்றன. உருளையில் கலங்கள் உடையும்போதுதான் அவை சந்திக்கின்றன. நொதியம் சுயாதீன சக்தி மாற்றத்தில் ஒரு யூலைக்கூட மாற்றுவதில்லை.

இப்போது நீங்கள் ஒரு கணக்குச் செய்யுங்கள். சுட்ட சுண்ணாம்பில் நீர் ஊற்றி நீற்றும்போது மூலுக்கு 65 கிலோயூல் வெளியாகிறது. எந்திரப்பிகள்: சுட்ட சுண்ணாம்பு 38, நீர் 70, நீற்றிய சுண்ணாம்பு 83. 298 கெல்வினில் மொத்தம் எவ்வளவு?

ஹட்டன் மாணவி:

தொகுதியின் எந்திரப்பி மாற்றம் 83 இலிருந்து 108 ஐக் கழித்தது, அதாவது −25 யூல். சூழல் பெறுவது 65,000 ஐ 298 ஆல் வகுத்தது, +218 யூல். மொத்தம் +193. இங்கே தொகுதியின் எந்திரப்பி குறைந்தாலும் சூழல் பெறுவது அதைவிடப் பல மடங்கு. யூரியாவில் இது நேர்மாறாக இருந்தது. 193 ஐ 298 ஆல் பெருக்கிக் குறியை மாற்றினால் சுயாதீன சக்தி மாற்றம் ஏறத்தாழ −57.5 கிலோயூல்.

பண்டாரவளை ஆசிரியர்:

சரி. அட்டவணையிலுள்ள உருவாதல் சுயாதீன சக்திகளை நேரடியாகக் கூட்டிக் கழித்தாலும் −57 கிலோயூலே கிடைக்கும்; அதையும் செய்து இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள்.